வாசகர் கேள்வி-பதில்: நோவா காலத்து வெள்ளம் வரலாறா?

நோவாவின் பேழையைப் பற்றியும் பெருவெள்ளத்தைப் பற்றியும் வந்த கடிதங்களில் பத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நிலவியல் படித்தவர் ஒருவரும் மேற்காசியத் தொல்லியல் படித்தவர் ஒருவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

ஆதியாகமம் சொல்வதுபோல உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் மூழ்கியதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– வாசகர், பாளையங்கோட்டை

இல்லை. மனிதன் தோன்றிய பிறகு அப்படி ஒன்று நடக்கவில்லை.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துவிடலாம். மலைகளுக்கு மேல் 15 முழம் தண்ணீர் நின்றது என்கிறது ஆதியாகமம் 7:20. எவரெஸ்டை விட்டுவிடுவோம், அரராத் என்று இன்று சொல்லப்படும் சிகரத்தின் உயரம் 5,137 மீட்டர். அது மூழ்கவேண்டும் என்றாலே சுமார் 250 கோடி கன கிலோமீட்டர் தண்ணீர் கூடுதலாக வேண்டும். இன்று எல்லாக் கடல்களிலும் சேர்ந்து இருப்பது 133 கோடி கன கிலோமீட்டர்தான். காற்றில் உள்ள ஈரம் முழுவதும் ஒரே நேரத்தில் மழையாகக் கொட்டினால் தரையில் இரண்டரை சென்டிமீட்டர் நிற்கும். துருவப் பனி எல்லாம் உருகினாலும் கடல் மட்டம் 70 மீட்டர் அளவுக்கே ஏறும்.

அடுத்தது வேகம். 40 நாளில் 5,137 மீட்டர் என்றால் நாளுக்கு 128 மீட்டர். ஒரே நாளில் கொட்டிய மழைக்கான உலகச் சாதனை 1966 ஜனவரியில் ரீயூனியன் தீவில் பதிவானது: 1,825 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மீட்டருக்கும் குறைவு. இதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். நீராவி மழைத்துளியாக மாறும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு மீட்டர் மழை விடும் வெப்பம் முழுவதும் காற்றிலேயே தங்கினால், அது காற்றைச் சுமார் 250 டிகிரி சூடாக்கப் போதும். ஆயிரக்கணக்கான மீட்டர் மழை என்றால் பேழைக்குள் இருப்பவர்கள் வெந்துவிடுவார்கள்.

‘மகா ஆழத்தின் ஊற்றுக்கண்களெல்லாம் பிளந்தன’ என்று வேதத்தில் இருக்கிறதே, பூமிக்கு அடியில் கடல் இருப்பதை விஞ்ஞானிகளே கண்டுபிடித்தார்களே என்று பலர் எழுதியிருந்தீர்கள். 2014இல் வந்த செய்தி அது. பிரேசிலில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்னும் கனிமத் துணுக்கு இருந்தது. அதன் எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்கு நீர். ஆனால் அது படிகத்தோடு வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீர். கீழே குளமும் இல்லை, ஊற்றும் இல்லை. 410 கிலோமீட்டருக்குக் கீழே உள்ள பாறையை உருக்கினால்தான் அது வெளியே வரும்.

வெள்ளம் கி.மு. 2348இல் வந்தது என்கிறார்கள். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது?
– வாசகர், நாசரேத்

அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட காலக்கணக்கிலிருந்து. ஆதியாகமம் 5, 11ஆம் அதிகாரங்களில் வரும் வயதுகளைக் கூட்டி இந்த ஆண்டை எடுத்தார். எபிரேய மூலத்தின்படி ஆதாம் முதல் வெள்ளம் வரை 1,656 ஆண்டுகள். கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே அதிகாரத்தின் கூட்டுத்தொகை 2,200ஐத் தாண்டுகிறது. சமாரியர் வைத்திருக்கும் பிரதியில் 1,307தான். கூட்டல் பிழை என்று அஷரைக் குறை சொல்ல முடியாது. மூலங்களே ஒத்துப்போகவில்லை.

கி.மு. 2348ஐ எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய அதே காலத்தில் எகிப்தில் உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் சுவர் முழுக்க எழுத்துகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பின் தேத்தி, பெப்பி என்று ஆட்சி அறுபடாமல் தொடர்கிறது. அதே மொழி, அதே எழுத்து, அதே அடக்கமுறை. சிந்துவெளி நகரங்களும் அப்போது உச்சத்தில் இருந்தன. கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் 4,800 வயதைத் தாண்டிய பிரிஸ்டில்கோன் பைன் மரம் இன்றும் உயிரோடு நிற்கிறது. ஒரு வருடம் உப்புத் தண்ணீரில் மூழ்கிய மரம் பிழைக்காது. ஐரோப்பிய ஓக், பைன் மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி 12,000 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி எண்ணியிருக்கிறார்கள். நடுவில் ஒரு வளையமும் விட்டுப்போகவில்லை.

எங்கள் ஊர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடக்கின்றன. கடலே இல்லாத இடத்தில் இவை வந்தது நோவா காலத்து வெள்ளத்தால்தான் என்று சிலர் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், அரியலூர்

கடல் அங்கே வந்தது உண்மை. ஆனால் ஒரே வருடத்தில் வந்து போன கடல் அல்ல. இந்த விவாதத்துக்கு உலகத்தில் எங்கெங்கோ சாட்சி தேடுகிறவர்கள், உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நாள் நடந்து பார்க்கலாம்.

அரியலூர், பெரம்பலூர், டால்மியாபுரம் வட்டாரத்தில் உள்ள படிவுகள் கிரெட்டேசியஸ் காலத்தவை. சுமார் 11 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டு வரையும், அதற்குச் சற்றுப் பின்னும் போகின்றன. அண்டார்டிகாவிலிருந்து இந்தியா பிரிந்துகொண்டிருந்த நேரம் அது. கிழக்குக் கரை தாழ்ந்தது. துருவங்களில் பெரிய பனிப்படலம் இல்லாததால் உலகெங்கும் கடல் மட்டம் உயர்ந்திருந்தது. கடல் உள்ளே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் படிவுகளை வரைபடமாக்கினார். அவற்றின் உயிரினங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா வகைப்படுத்தி எழுதினார்.

கீழிருந்து மேலாகப் பாருங்கள். டால்மியாபுரம் பக்கம் பவளமும் கடற்பாசியும் சேர்ந்த சுண்ணாம்புக்கல். அது ஆழம் குறைந்த, தெளிந்த, வெளிச்சம் படும் நீரில் மெல்ல வளர்வது. கலங்கல் வெள்ளத்தில் பவளம் செத்துப்போகும். காரைப் பகுதியில் களிமண். அதில் பெலெம்னைட் என்னும் கணவாய் இனத்தின் துப்பாக்கித் தோட்டா போன்ற கூடுகள், சுருள் சுருளாக அம்மோனைட் என்னும் பழங்கடல் உயிரின் ஓடுகள். அடுக்கு மாற மாற அம்மோனைட் இனமும் மாறும், கலந்து கிடக்காது. ஒரே வெள்ளம் அள்ளிக் கொட்டியிருந்தால் கனமானது கீழே, லேசானது மேலே என்றுதான் பிரிந்திருக்கும். ஓட்டின் வரிவடிவத்தைப் பார்த்து வெள்ளம் பிரித்து அடுக்காது.

இன்னும் மேலே, சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் பெரிய பெரிய சிப்பிகள். அங்கே ஒரு சிப்பியைக் கையில் எடுத்து உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வலைபோல் படரும் பிரையோசோவா ஒட்டியிருக்கும். சிலவற்றில் துளைபோடும் உயிர்கள் குடைந்த ஓட்டை இருக்கும். உட்புறத்தில் ஒட்டவேண்டும் என்றால் சிப்பி செத்து, வாய் திறந்து, கடலடியில் புதையாமல் கிடந்திருக்க வேண்டும். அதன் மேல் இன்னொரு உயிர் குடியேறி வளர்ந்திருக்க வேண்டும். ஒரே ஓட்டில் இத்தனை பருவம் தெரிகிறது. இப்படிப்பட்ட ஓடுகள் மீட்டர் கணக்கில் அடுக்கடுக்காக இருக்கின்றன.

இதற்கும் மேலேதான் விவாதத்தை முடித்துவைக்கும் அடுக்கு இருக்கிறது: கல்லமேடு. அங்கே கிடைப்பது ஆற்று மணல், அதில் டைனோசர் எலும்பு. அதாவது கடல் விலகி, தரையாகி, ஆறு ஓடி, விலங்குகள் நடமாடியிருக்கின்றன. அதன்மேல் மறுபடியும் நினியூர்ச் சுண்ணாம்புக்கல், கடல் திரும்பி வந்ததற்கு அடையாளம். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தையும் ‘வெள்ளம் அடித்து வந்த மரம்’ என்பார்கள். ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்த மரம்தான். அந்தக் கடல்தான் வேறு.

நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் எடுக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் கல்தான். எவரெஸ்டின் உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். வயது சுமார் 45 கோடி ஆண்டு. தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறவில்லை, கடலடித் தரை மேலே தள்ளப்பட்டது.

‘ஊர்’ என்னும் பழைய நகரில் வூலி என்பவர் நோவா வெள்ளத்தின் மண்ணையே தோண்டியெடுத்தார் என்று பழைய பாடநூலில் படித்திருக்கிறேன். மாணவர்களுக்குச் சொல்லலாமா? பொதுவாக, வெள்ளம் வந்ததை மண்ணைப் பார்த்து எப்படிச் சொல்கிறார்கள்?
– ஆசிரியர், மதுரை

சொல்லலாம், பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சொல்லுங்கள்.

தென் ஈராக்கில் உள்ள ஊர் நகரத்தின் அடியில் 1928-29 பருவத்தில் லெனார்டு வூலி குழி இறக்கினார். பானை ஓடுகள் நின்றுபோய், சுத்தமான வண்டல் வந்தது. மனிதர் குடியேறுவதற்கு முந்திய கன்னி மண்ணைத் தொட்டுவிட்டோம் என்று ஆட்கள் நினைத்தார்கள். மட்டத்தை அளந்து பார்த்த வூலிக்குச் சந்தேகம். இன்னும் தோண்டச் சொன்னார். எட்டு அடி வண்டலுக்குக் கீழே மறுபடியும் பானை ஓடுகள், அதுவும் வேறு வகை. பின்னர் தோண்டிய பெரிய குழியில் அந்த வண்டல் 11 அடி வரை இருந்தது. உலகப் பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன. ஊர் நகரத்திலேயே வூலி இறக்கிய குழிகள் எல்லாவற்றிலும் அந்த வண்டல் இல்லை. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள எரிதுவில் 1940களில் கன்னி மண் வரை தோண்டினார்கள்; அங்கே வெள்ளப் படிவே கிடையாது. கீஷ் நகரிலும், பாபிலோனிய வெள்ளக் கதையின் நாயகன் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஷுருப்பக்கிலும் வெள்ளப் படிவு உண்டு. ஆனால் ஷுருப்பக்கின் படிவு கி.மு. 2900ஐ ஒட்டியது, ஊர் நகரத்தினுடையது அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஆக, வேறு வேறு காலத்தில் வேறு வேறு ஊர்களை மூழ்கடித்த ஆற்று வெள்ளங்கள் இவை. தன் படிவு தென் மெசொப்பொத்தேமியச் சமவெளி அளவிலான வெள்ளத்துடையது என்றுதான் வூலியே எழுதினார். உலகப் பிரளயம் என்று அவர் சொல்லவில்லை.

இனி முறைக்கு வருவோம். ஒரு குழியை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது. மேட்டின் நடுவில், சரிவில், வெளியே சமவெளியில் என்று குறைந்தது மூன்று நான்கு குழிகள் வேண்டும். எல்லாவற்றின் ஆழத்தையும் ஒரே மட்டக் குறியிலிருந்து அளக்கவேண்டும். மேட்டின் நடுவில் மட்டும் ‘வண்டல்’ இருந்து வெளியே இல்லையென்றால் பெரும்பாலும் அது வெள்ளம் அல்ல. பச்சை மண்கல்லில் கட்டிய வீடுகள் மழையில் கரைந்து படிந்தது. தோண்டுகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். இரண்டாவது ஏமாற்று, காற்று கொண்டுவந்து போட்ட மணல். அதில் துகள்கள் ஒரே அளவாக இருக்கும். ஓடி வந்து தேங்கிய நீர் போட்ட மண்ணில் அடியில் பருமன், மேலே போகப் போக நைசு என்ற வரிசை தெரியும். தகடு தகடாகப் பிரியும். நுண்நோக்கியில் டயாட்டம் என்னும் நன்னீர் நுண்பாசியின் ஓடுகள் தென்படலாம்.

வகுப்பில் செய்து காட்ட வழி உண்டு. ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றங்கரை மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும், வண்டல் ஓரிரு மணி நேரத்தில் படியும், களிக்கு ஒரு நாள் அல்லது அதற்கு மேலும் ஆகும். பாட்டிலில் தெரியும் அந்த மூன்று பட்டைதான் குழியின் சுவரில் தேடவேண்டியது.

படிவுக்கு வயது கணிக்க, அதற்குச் சற்றுக் கீழும் சற்று மேலும் கிடைக்கும் தானிய மணிகளைக் கரிமப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உத்தரக் கட்டையை அனுப்பக் கூடாது. வெட்டும்போதே அது நூறு இருநூறு வயது மரமாக இருந்திருக்கலாம், பழைய வீட்டிலிருந்து பிடுங்கி வைத்ததாகவும் இருக்கலாம். ஆற்றுச் சிப்பியும் வேண்டாம்; சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்து வந்த பழைய கரிமத்தை உண்டு, தன் வயதைக் கூட்டிக் காட்டும்.

பைபிள் கதை கில்கமேஷ் காவியத்தைப் பார்த்து எழுதியதுதானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

‘பார்த்து எழுதியது’ என்றால் ஒருவர் பக்கத்தில் பலகையை வைத்துக்கொண்டு பிரதி எடுத்ததுபோல் ஆகிவிடும். ஒரே கதை மரபு என்பது பொருத்தம்.

1872இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித், நினிவேயிலிருந்து வந்த களிமண் பலகைகளில், மெசொப்பொத்தேமியப் பழங்காவியமான கில்கமேஷின் 11ஆம் பலகையைப் படித்தார். தெய்வத்தின் எச்சரிக்கை, படகு, விலங்குகள், மலையில் தட்டுதல், புறா, தகைவிலான், காகம் என்று பறவைகளை விடுதல், பலி, மணம் முகர்ந்து வரும் தெய்வங்கள் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பலகை கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிரதி. கதை அதைவிட மூத்தது. அத்ரஹாசிஸ் என்னும் அக்காதியக் காவியத்தின் பலகைகள் கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சுமேரிய வடிவத்தில் நாயகன் பெயர் ஜியுசுத்ரா. இந்தக் கதைகள் பாபிலோனோடு நிற்கவில்லை. அத்ரஹாசிஸ் வெள்ளக் கதையின் ஒரு துண்டு சிரியக் கடற்கரையில் உகாரித்தில் கிடைத்தது. இஸ்ரேலின் மெகித்தோவில் கில்கமேஷின் வேறொரு பகுதி கிடைத்தது. இரண்டும் பாபிலோன் சிறையிருப்புக்குப் பல நூற்றாண்டு முந்தியவை.

பறவை விடுவது போன்ற ஒற்றுமை தற்செயலாக வராது. வேறுபாடும் அதே அளவுக்கு முக்கியம். அத்ரஹாசிஸில் தெய்வங்கள் வெள்ளம் அனுப்பக் காரணம் மனிதர் போடும் சத்தம், தூக்கம் கெடுகிறதாம். எபிரேயர் அதை எடுத்து, மனிதர் செய்த கொடுமைக்கான நியாயத்தீர்ப்பாக மாற்றினார்கள். கதை அவர்களுடையதானது அந்த இடத்தில்தான்.

ஆதியாகமத்துக்குள்ளேயே இரண்டு வடிவங்கள் பின்னிக் கிடப்பதையும் தமிழ் வேதாகமத்தை வைத்தே பார்க்கலாம். 6:19இல் ‘தேவன்’ எல்லா உயிரிலும் ஒவ்வொரு சோடு கேட்கிறார். 7:2இல் ‘கர்த்தர்’ சுத்தமான மிருகங்களில் ஏழேழு சோடு கேட்கிறார். ஓரிடத்தில் மழை 40 நாள், இன்னோரிடத்தில் வெள்ளம் 150 நாள். 7:16இல் தேவன் கட்டளையிட்டபடி உயிர்கள் நுழைகின்றன. அதே வசனத்தின் முடிவில் கர்த்தர் கதவை அடைக்கிறார். தையல் தெரிகிற இடம் அது. 1753இலேயே ழான் அஸ்ட்ரூக் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தப் பெயர் மாற்றத்தை வைத்து மூலங்களைப் பிரித்துக் காட்டினார்.

300 முழ நீளத்தில் மரக்கலம் கட்ட முடியுமா? தோணி கட்டும் குடும்பம் எங்களுடையது.
– வாசகர், தூத்துக்குடி

உங்களுக்கே பதில் தெரிந்திருக்கும். முழம் 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் நீளம் 135 மீட்டர், அகலம் 22.5, உயரம் 13.5. ஆறுக்கு ஒன்று என்ற நீள அகல விகிதம் நல்ல விகிதம்தான். அலையில் எளிதில் புரளாது. பிரச்சினை நீளவாக்கில். அலை கப்பலின் நடுவைத் தூக்கும்போது இரு முனையும் தொங்கும். அடுத்த அலை முனைகளைத் தூக்கும்போது நடு தொங்கும். ஏரா என்னும் அடிக்கட்டை வளையும், பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், இணைப்பில் அடைத்த பஞ்சு கழன்று நீர் உள்ளே வரும். நீளம் கூடக் கூட இது மிக வேகமாக மோசமாகும்.

மரக்கலத்தில் மனிதர் எட்டிய உச்சத்துக்கு உதாரணம் ‘வயோமிங்’. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1909இல் கட்டியது, உடல் நீளம் சுமார் 100 மீட்டர். உள்ளே இரும்புப் பட்டைகளால் இறுக்கிக் கட்டியும் கடலில் உடல் முறுக்கிக்கொண்டது; பம்பு ஓயாமல் இறைக்கவேண்டியிருந்தது. 1924இல் புயலில் ஆட்களோடு மூழ்கியது. ஆணியும் இரும்பும் உள்ள 20ஆம் நூற்றாண்டின் கதி இது. அமெரிக்காவின் கென்டக்கியில் 2016இல் திறந்த பேழை மாதிரியைச் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அது தரையில் நிற்கும் கட்டடம். கான்கிரீட்டும் எஃகும் தாங்குகின்றன. மிதக்கவிட்டுப் பார்த்ததில்லை.

பாபிலோனியப் படகு இன்னும் சுவாரசியம். இர்விங் ஃபிங்கெல் 2014இல் வெளியிட்ட பலகை ஒன்றில் அது வட்டமான பரிசல். அடிப்பரப்பு 3,600 சதுர மீட்டர், சுவர் 6 மீட்டர். பனைநாரில் திரித்த கயிற்றைச் சுருள் சுருளாக வைத்துக் கட்டி, நிலக்கீல் பூசவேண்டும். கயிற்றின் நீளம் மட்டும் 500 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அதே குறிப்பைப் பின்பற்றிச் சிறிய அளவில் ஒன்றைக் கேரளத்தில் கட்டி நீரில் விட்டார்கள். மிதந்தது, கசியவும் செய்தது. கிடைத்த நிலக்கீலின் தரம் போதவில்லை. ஈராக்கில் யூப்ரட்டீஸ் கரையில் ஹித் என்ற ஊரில் இயற்கையாகவே ஊறும் நிலக்கீல்தான் அந்தக் காலத்தவர்களுக்குக் கைகொடுத்தது.

நூஹ் நபியின் கப்பல் துருக்கி மலையில் கண்டுபிடிக்கப்பட்டதாக வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறதே?
– வாசகர், காயல்பட்டினம்

அந்த வீடியோவில் வரும் படகு வடிவ மேடு, தோகுபயாசித் நகருக்கு அருகே உள்ள துருப்பினார் என்னும் இடம். 1959இல் துருக்கி ராணுவ கேப்டன் ஒருவர் வான்படத்தில் கவனித்தது. நீளம் சுமார் 160 மீட்டர். சரிந்து வந்த சேறு, நடுவில் இருந்த உறுதியான பாறையைச் சுற்றி வழிந்து இறுகியதால் வந்த வடிவம். ‘மரப்பலகை’ என்று காட்டுவது பாறை அடுக்கு. ‘இரும்பு ஆணி’ என்பது இரும்புத் தாது உறைந்த இடங்கள். அது பேழை என்று முன்பு புத்தகமே எழுதிய டேவிட் ஃபாசோல்டு, 1996இல் ஒரு நிலவியலாளரோடு சேர்ந்து அது வெறும் பாறை அமைப்பு என்று கட்டுரை வெளியிட்டார். 1955இல் ஃபெர்னான் நவாரா அரராத் பனியிலிருந்து கொண்டுவந்த மரத்துண்டும் பின்னர் கரிமப் பரிசோதனையில் கி.பி. காலத்து மரமாக வந்தது.

குர்ஆன் (11:44) சொல்வது ஜூதி மலை, அரராத் அல்ல. பழைய சிரியாக் கிறிஸ்தவர்களும் அந்தப் பக்கத்து மலையையே சொன்னார்கள். ஆதியாகமமும் ஒரு சிகரத்தைச் சொல்லவில்லை, ‘அரராத் மலைகள்’ என்று ஒரு நாட்டைச் சொல்கிறது. இன்றைய அரராத் சிகரத்துக்கு அந்தப் பெருமை இடைக்காலத்தில்தான் வந்து சேர்ந்தது. தவிர, அது 1840இல்கூட வெடித்த எரிமலை.

கருங்கடல் வெள்ளம்தான் நோவா வெள்ளம் என்ற கருத்து என்ன ஆயிற்று?
– வாசகர், திருச்சி

1997இல் வில்லியம் ரயனும் வால்டர் பிட்மனும் முன்வைத்தது. சுமார் 7,600 ஆண்டுக்கு முன் மத்தியதரைக் கடல் பாஸ்போரஸ் நீரிணையை உடைத்துக்கொண்டு தாழ்ந்து கிடந்த ஏரிக்குள் பாய்ந்தது என்றார்கள். உப்புநீர் புகுந்தது உண்மை. எவ்வளவு, எத்தனை வேகம் என்பதில்தான் சண்டை. டான்யூப் கழிமுகத்தில் எடுத்த மண் மாதிரிகளை வைத்து 2009இல் வந்த ஆய்வு, ஏற்றம் 5 முதல் 10 மீட்டர்தான் என்றது. கதையோடு பொருத்தம் இன்னும் மோசம்: கருங்கடலில் ஏறிய நீர் வடியவே இல்லை, நோவா கதையில் வடிகிறது.

எல்லா நாட்டிலும் வெள்ளக் கதை இருப்பதே சான்று இல்லையா? நமக்கும் மனு கதை, கடல்கோள் எல்லாம் உண்டே?
– வாசகர், கோவை

ஆற்றுக்கும் கடலுக்கும் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் வெள்ளக் கதை இருக்கும். நைல் ஆண்டுதோறும் ஒழுங்காகப் பெருகி வயலுக்கு உரம் தந்த எகிப்தில், உலகை அழிக்கும் பிரளயத்தில் படகேறித் தப்பும் கதை இல்லை. டைக்ரிஸும் யூப்ரட்டீஸும் பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில், கதிர் முற்றி நிற்கும்போது பெருகுபவை. கடலிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் பாக்தாத்தின் உயரமே 34 மீட்டர்தான். கரை உடைந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளக்காடு. அங்கே கதை பிறந்ததில் வியப்பில்லை.

சதபத பிராமணத்தில் மீன் மனுவைக் காப்பாற்றுகிறது. பாகவதத்தில் அந்த அரசன் திராவிட தேசத்துச் சத்தியவிரதன். மீன் கிடைப்பது கிருதமாலை ஆற்றில், அதை வைகை என்பார்கள். சிலப்பதிகாரம் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைப் பாடுகிறது. அதில் படகும் இல்லை, உலக அழிவும் இல்லை, திரும்ப வடியவும் இல்லை. பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைக்குவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, பிறகு மெல்ல ஏறிக் கரைகளை விழுங்கியது என்பது உறுதியான செய்தி. அதை வைத்து மூன்று கதையையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ‘நோவா காலத்து வெள்ளம் வரலாற்று உண்மையே’ என்று பட்டிமன்றம். நான் நடுவர். இரு அணிக்கும் என்ன சொல்லித் தயார்செய்வது?
– வாசகர், வேலூர்

தலைப்பை அப்படியே விட்டால் ஒருவர் உலகப் பிரளயத்தைத் தாக்குவார், மற்றவர் ஈராக் வெள்ளத்தைக் காட்டித் தப்பிப்பார். இரண்டு மணி நேரமும் வீண். ‘ஆதியாகமம் 6 முதல் 8 வரை சொல்லும் வெள்ளம் பூமி முழுவதையும் மூடியது’ என்று ஒரு சுற்று. ‘ஒரு வட்டாரத்தில் நடந்த உண்மை வெள்ளமே கதையின் வேர்’ என்று இன்னொரு சுற்று. முதல் சுற்றில் ஆதரவு அணியின் நிலை கடினம், இரண்டாவதில் எதிர் அணியின் நிலை கடினம். அதனால் அணிகளை இடம் மாற்றிப் பேசவையுங்கள்.

ஆதரவு அணி கைவிடவேண்டியவை: துருப்பினார் வீடியோ, ஆகாயத்தில் நீராவிக் கூரை இருந்தது என்ற வாதம். பத்து மீட்டர் மழைக்கான ஆவி மேலே நின்றாலே காற்றழுத்தம் இரட்டிப்பாகும். படைப்புவாதிகளே இப்போது அதை விட்டுவிட்டார்கள். மலைகள் அப்போது தாழ்ந்திருந்தன, பிறகுதான் எழும்பின என்று சொல்வதானால், 4,300 ஆண்டில் இமயம் வருடத்துக்கு இரண்டு மீட்டர் வீதம் எழும்பியிருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். இன்று அளக்கும் வேகம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்.

எதிர் அணி கைவிடவேண்டியவை: திமிங்கிலம் எப்படி ஏறியது என்ற கேலி. ஏறியது தரையில் நடமாடுவதும் பறப்பதும் என்றுதான் வசனம் இருக்கிறது. எவரெஸ்டை மட்டுமே வைத்துக் கணக்குப் போடுவதும் வேண்டாம். மேலே காட்டியபடி அரராத் போதும். கிறிஸ்தவர்கள் எல்லாரும் இதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறார்கள் என்றும் பேசக் கூடாது. வெள்ளப் படிவு என்று தாங்களே போதித்ததைக் கைவிட்ட வில்லியம் பக்லண்டும் ஆடம் செட்ஜ்விக்கும் குருப்பட்டம் பெற்ற நிலவியலாளர்கள். 1823இல் குகை எலும்புகளை வைத்துப் பெருவெள்ளத்துக்குச் சான்று எழுதிய பக்லண்டு, 1836இல் அந்தப் பொருத்தத்தை விட்டார். செட்ஜ்விக் 1831இல் நிலவியல் சங்கத் தலைவர் உரையிலேயே தம் பழைய கருத்தைத் திரும்பப் பெற்றார்.

இரண்டாம் சுற்றில் எதிர் அணிக்கு ஒரு நல்ல கேள்வி உண்டு: ஈராக் சமவெளியில் வெள்ளம் வந்தால் ஓட்டம் தெற்கே வளைகுடாவை நோக்கி இருக்கும், படகு வடக்கே மலைநாட்டில் எப்படித் தட்டியது? ஆதரவு அணி தன் பங்குக்கு, ஷுருப்பக்கின் வெள்ளப் படிவையும், ‘பிறகு வெள்ளம் அடித்துச் சென்றது’ என்று அரசர்களை வெள்ளத்துக்கு முன், பின் எனப் பிரித்த சுமேரிய அரசர் பட்டியலையும் எடுத்துவைக்கலாம். அந்தப் பட்டியலில் வெள்ளத்துக்கு முந்திய எட்டு அரசர்களின் ஆட்சிக்காலம் கூட்டினால் 2,41,200 ஆண்டு வரும். எதிர் அணி அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எண்ணைச் சொல்கிறவர் அதை எந்த அளவிலிருந்து எடுத்தார் என்று மேடையிலேயே சொல்லவேண்டும் என விதி வையுங்கள். மேசைமேல் ஒரு வேதாகமம் திறந்திருக்கட்டும். வசனத்தை நினைவிலிருந்து சொல்ல யாரையும் விடாதீர்கள்.